தேன் குடம் கேட்கும் பதில்

எசல பெரஹராவை ஒட்டிக் கண்டி ஸ்ரீ தலதா மாளிகைக்கு வந்து சேரும் காணிக்கைகளுக்குக் கணக்கில்லை. பூத்தட்டு, எண்ணெய், பட்டு, பணம், கோயில் நிலத்து நெல் என்று அவை பலவகை. இவற்றோடு மகாவலியின் கீழ்ப்பள்ளத்திலிருந்து காட்டுத் தேனும் வருகிறது. மகியங்கனைக்கு அப்பாலுள்ள தம்பானையிலிருந்து வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோ, தோளில் கோடரியோடு, தம் மக்கள் சூழ வந்து அதைக் கையளிக்கிறார். அரசர் காலத்திலிருந்து வரும் வழமை இது என்று வேடர்கள் சொல்கிறார்கள். மறுநாள் நாளேட்டில் படம் வருகிறது. படத்துக்குக் கீழே இரண்டு வரிச் செய்தி இருக்கிறது. அந்தத் தேன் எதைச் சொல்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டால் மூன்று விதமான பதில்கள் கிடைக்கும். அது அடிபணிந்த குடிகள் அரசுக்குக் கட்டும் திறையின் எச்சம் என்பது ஒன்று. புனிதச் சின்னத்துக்கு எல்லாரும் செய்வதுபோல வேடரும் செய்யும் வழிபாடு என்பது இன்னொன்று. சுற்றுலாக் காலத்துக் காட்சி என்று கைவிரிப்பவர்களும் உண்டு. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் பழங்குடி மக்களின் சடங்குக் கொடைகளைப் பற்றி உலகெங்கும் திரண்டிருக்கும் அறிவையும் கண்டி இராச்சியத்தின் சொந்த வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால் நான்காவதாக ஒரு பதில் தெளிவாகத் தெரிகிறது. அந்தக் கொடை ஓர் உரிமைக் குரல். இந்தக் காட்டை அறிந்தவர்கள் நாங்கள், இதன் விளைச்சலை எடுத்துக் கொடுக்கும் தகுதி எங்களுக்கு உண்டு, வாங்கிக்கொண்டவருக்கு எங்களிடம் கடமை உண்டு என்கிற குரல். இந்தக் கட்டுரை அந்தப் பதிலின் பக்கம் நிற்கிறது.

முதலில் ரொபர்ட் நொக்ஸிடம் போக வேண்டும். 1660இல் சிறைபிடிக்கப்பட்டு ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்துக்குள் வாழ்ந்து, 1679இல் தப்பிய ஆங்கிலேயர் அவர். 1681இல் இலண்டனில் வெளியான அவருடைய நூலில் வேடரைப் பற்றிய பக்கங்கள் சில மட்டுமே. ஆனால் கொடையும் பதிற்கொடையும் நடந்த விதத்தை அவ்வளவு துலக்கமாகச் சொல்லும் பழைய சாட்சி இத்தீவில் அரிது.

ஓரளவு பழகிய வேடர் அரசனுக்கு யானைத் தந்தம், தேன், மெழுகு, மான் இறைச்சி ஆகியவற்றைத் திறையாகத் தந்தார்கள் என்கிறார் நொக்ஸ். அதோடு நிறுத்தியிருந்தால் கதை வழக்கமான கதைதான். தொடர்ந்து அவர் சொல்வதுதான் முக்கியம். திறை திரட்ட வந்தவர்கள், வாங்கிய பொருளுக்கு ஏறக்குறைய ஈடாக அம்பும் துணியும் பிறவும் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுக்காவிட்டால் வேடர் காட்டுக்குள் போய் மறைந்துவிடுவார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது.

கண்டி அரசு கண்டிப்பானது. தலைவர்களின் உயிரும் சொத்தும் மன்னன் கையில் இருந்தன. அப்படிப்பட்ட அரசின் ஆட்கள் ஒரு சிறு வேட்டைக் கூட்டத்திடம் வாங்கியதற்குப் பதில் கொடுத்தார்கள் என்றால், அங்கே நடந்தது வெறும் வரிவசூல் ஆகாது. இரு தரப்பும் ஒன்றையொன்று ஏற்றுக்கொண்ட உறவு அது. மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட வேண்டிய உறவு. வேடருக்கு விலகிப்போகும் வழி இருந்தது, அந்த வழியே அவர்களுடைய பலமும். ஒல்லாந்தருக்கு எதிரான அவசரப் படையெடுப்பு ஒன்றுக்கு வேடரை அழைத்தார்களாம். வில்லோடு வந்து மற்றவர்களுக்குக் குறையாமல் போரிட்டார்கள். ஊர் திரும்பியதும் மறுபடி அழைத்துவிடுவார்களோ என்று இன்னும் ஆழமான காட்டுக்குள் குடியை மாற்றிக்கொண்டார்கள். இதையும் நொக்ஸ்தான் எழுதிவைத்திருக்கிறார்.

அவர் தரும் இன்னொரு செய்தி கொல்லன் பட்டறையைப் பற்றியது. அம்பு வேண்டிய வேடர் இரவில் வந்து இறைச்சிச் சுமையைப் பட்டறையில் தொங்கவிடுவார். வேண்டிய அம்புமுனையின் வடிவில் வெட்டிய இலையை அதன் பக்கத்தில் தொங்கவிட்டுப் போய்விடுவார். கொல்லன் அந்த அளவில் அம்பு செய்து அதே இடத்தில் வைத்தால் மேலும் இறைச்சி வரும். செய்யாவிட்டால் என்றாவது ஓர் இரவில் அம்பு பாயும். முகம் காணாமல் நடக்கும் இத்தகைய பரிமாற்றம் இந்தத் தீவுக்குப் பழையது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே தங்கிய சீனத் துறவி பாஹியான், முற்காலத்தில் கண்ணுக்குத் தெரியாத பூதங்கள் பொருளைப் பரப்பி விலையைக் குறித்து வணிகரோடு வாணிபம் செய்ததாக ஒரு மரபுக்கதையைப் பதிந்திருக்கிறார். அந்தப் பூதங்களில் வேடரின் சாயலைக் கண்ட ஆய்வாளர்கள் உண்டு. பட்டறைப் பரிமாற்றம் சந்தைக் கணக்குக்கு மிக அருகில் நிற்பது. என்றாலும் அங்கேயும் இறைச்சி முதலில் வருகிறது, நம்பிக்கையின் பேரில் வருகிறது. ஏமாற்றினால் அது பொருள் நட்டத்தோடு நிற்பதில்லை, அவமதிப்பாகிறது.

மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925இல் கொடையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரமும் இதுதான். கொடுப்பது கடமை, வாங்குவது கடமை, திருப்பிக் கொடுப்பதும் கடமை என்றார் அவர். நம் ஊரில் மொய் ஏடு எழுதியவர் எவருக்கும் இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மோஸுக்கு மூன்று ஆண்டுகள் முன் மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர், பசிபிக்கின் திரோபிரியாண்டுத் தீவுகளில் சங்கு வளையும் சிப்பி மாலையும் எதிரெதிர்த் திசைகளில் தீவு தீவாகச் சுற்றிவரும் கூலாச் சடங்கை விவரித்திருந்தார். இந்த ஆய்வுகளின் விரிவுக்குள் இங்கே போக வேண்டியதில்லை. கண்டிக்கு அவசியமானது ஒன்றுதான்: இத்தகைய கொடையில் பொருளின் விலையைவிட, யார் யாருக்கு என்ன முறையில் கொடுக்கிறார் என்பது பெரிது.

தமிழ் வாசகருக்கு இதைவிட நெருக்கமான சான்று சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. சேரன் செங்குட்டுவன் பேரியாற்றங்கரையில் தங்கியிருக்கும்போது மலைவாழ் மக்கள் அவனைக் காண வருகிறார்கள். யானைத் தந்தமும் அகிலும் சந்தனமும் தேன் குடமும் கொண்டுவருகிறார்கள். அவற்றை வைத்த பிறகு, வேங்கை மரத்தின் கீழ் மார்பிழந்து நின்ற ஒருத்தி கணவனோடு விண்ணுலகு போனதைத் தாங்கள் கண்டதாகச் சொல்கிறார்கள். அதன் பிறகுதான் வஞ்சிக் காண்டம் நடக்கிறது: படையெடுப்பு, இமயத்துக் கல், கோயில், வழிபாடு அனைத்தும். கொடை வாயைத் திறந்தது. அதை வாங்கியதால் அரசன் காது கொடுத்தான். கேட்டதால் எழுந்து செயல்பட்டான். காவியத்தின்படி அந்தக் கோயிலின் வழிபாட்டில் இலங்கைக் கயவாகு மன்னனும் இருந்தான். இன்று கண்டிப் பெரஹராவில் தலதா மாளிகையோடு நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்களும் சேர்ந்து போகின்றன. அந்தப் பத்தினி நம் கண்ணகி. அவள் புகழை அரசனிடம் முதலில் கொண்டுசேர்த்தவர்கள் தேன் குடம் சுமந்து வந்த மலைக்குடிகள் என்பது கண்டியில் நின்று நினைக்க வேண்டிய செய்தி.

மகாவம்சத்தின் தொடக்கக் கதையும் கொடையில்தான் நிற்கிறது. கரையேறிய விஜயனுக்கும் அவன் ஆட்களுக்கும் உணவளித்தவள் குவேனி. நாட்டை வெல்ல உதவியவளும் அவளே. அவளைத் துரத்திவிட்டு விஜயன் மதுரைப் பாண்டியன் மகளை மணக்கிறான். மாமனாருக்கு ஆண்டுதோறும் விலைமதிப்பான முத்து அனுப்புகிறான். குவேனியின் இரு பிள்ளைகளும் மலைநாட்டுக்குத் தப்பி ஓட, அவர்களிடமிருந்து புளிந்தர் என்ற குடி தோன்றியது என்கிறது அந்நூல். வேடரை அந்த வழியினராகச் சொல்லும் மரபு நெடுங்காலமாக உண்டு. வரலாறாக இதைக் கொள்ள முடியாது. மனிதர் இத்தீவில் வேட்டையாடி வாழ்ந்த தடயங்கள் விஜயன் கதைக்குப் பல்லாயிரம் ஆண்டு முற்பட்டவை. ஆனால் தீவின் முதல் பெரிய வரலாற்று நூல், சம அரசனுக்கு ஆண்டுதோறும் போய்ச் சேர்ந்த முத்தையும், மண்ணின் மகளுக்குத் திரும்பிவராத நன்றியையும் ஒரே கதைக்குள் வைத்திருக்கிறது. படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இடத்தில் மனம் கனக்கிறது.

வேடர் தமக்குள் கொடுத்துக்கொண்டது எப்படி? இதற்கு மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூல் இன்றும் அடிப்படை. மணமகன் பெண்ணின் தந்தைக்குத் தேன், கிழங்கு, காய்ந்த இறைச்சி போன்ற காட்டு உணவைக் கொண்டுபோகிறான். பெண் தன் கையால் முறுக்கிய மரநார்க் கயிற்றை அவன் இடுப்பில் கட்டுகிறாள். சடங்கு அவ்வளவே. வேடர் பெண்ணுக்குச் சீதனமாக வேட்டை நாயைக் கொடுத்ததாக நொக்ஸ் சொல்கிறார். காட்டில் அதைவிடப் பெரிய சொத்து எது? இறந்த உறவினர் 'நே யக்கு' என்ற ஆவிகளாகத் துணை நிற்பார்கள் என்பது வேடர் நம்பிக்கை. அவர்களுக்குத் தேங்காய்ப் பாலும் சோறும் படைக்கிறார்கள். படைத்ததைக் கூடியிருப்பவர்கள் பகிர்ந்து உண்கிறார்கள். 'கிரி கொரஹா' சடங்கில் தேங்காய்ப் பால் நிறைந்த பாத்திரத்தைச் சுற்றி ஆடி, கண்டே யக்கா என்னும் வேட்டைத் தலைவனின் ஆவியை அழைக்கிறார்கள். உயிரோடிருப்பவர், இறந்தவர், காடு ஆகிய மூன்று தரப்பும் கொடுத்து வாங்கும் ஒரே வட்டத்துக்குள் இருக்கின்றன.

இந்த வட்டத்தில் தேனுக்குத் தனியிடம். மலைத்தேனீ செங்குத்தான பாறையில் கூடு கட்டும். கொடியால் பின்னிய ஏணியில் தொங்கிக்கொண்டு, புகையூட்டி, கூட்டை அறுத்தெடுப்பது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. எந்தப் பாறை எந்தக் குடும்பத்தின் உரிமை என்பது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம். ஆகவே ஒரு குடம் தேனைக் கையளிப்பவர் பாறையின் உரிமை, ஏணி பின்னும் அறிவு, பருவத்தின் கணக்கு எல்லாவற்றையும் சேர்த்தே கையளிக்கிறார். வள்ளியின் தினைப்புனத்தில் கிழவனாக வந்து நின்ற முருகன் கேட்டதும் தேனும் தினைமாவும்தான். அந்த வேடர் மகளுக்குக் கதிர்காமத்தில் இன்றும் கோயில் இருக்கிறது.

கண்டி அரசவையின் கொடை வழக்கம் வேறு திசையில் ஓடியது. அங்கே எல்லாம் படிவரிசை. புத்தாண்டில் அதிகாரிகளும் மாகாணத் தலைவர்களான திசாவைமாரும் 'தெக்கும்' என்ற காணிக்கையை மன்னன் முன் வைத்தார்கள். மன்னன் நிலமும் பட்டமும் கொடுத்தான். நிலம் பெற்றவர் இராஜகாரியம் என்ற சேவையால் அதை ஈடுசெய்தார். 1739 முதல் மதுரை நாயக்கர் வழிவந்த மன்னர்கள் ஆண்ட காலத்திலும் இது குலையவில்லை. 1762இல் சென்னையிலிருந்து வந்த ஆங்கிலத் தூதர் ஜோன் பைபஸ் கடிதத்தை வெள்ளித் தட்டில் தலைக்கு மேல் ஏந்தி மண்டியிட வேண்டியிருந்தது. ஒல்லாந்தக் கம்பனி மன்னனின் நிலத்தில் கறுவாப் பட்டை உரிக்க ஆண்டுதோறும் தூதும் பரிசும் அனுப்பி அனுமதி கேட்டது. 1766 ஒப்பந்தத்தில் கரைநாட்டைத் தனதாக்கிக்கொண்டதும் அந்தக் கேட்டுப்பெறும் முறை முடிந்தது. கண்டி அரசவைக்கு அது பொருள் இழப்பைவிட மான இழப்பாக இருந்தது. பரிசு நின்றபோது உரிமையும் போய்விட்டதை அவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

இதே பாடத்தை அதே காலத்தில் வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் கசப்பாகக் கற்றார்கள். பேரேரிகளைச் சுற்றி வாழ்ந்த பழங்குடிகளுக்குப் பிரெஞ்சுக்காரர் தவறாமல் பரிசளித்து வந்தனர். பிரெஞ்சு ஆட்சி வீழ்ந்ததும் தளபதி ஆம்ஹெர்ஸ்ட் அதை இலஞ்சம் என்று கருதி வெட்டினார். தங்களை நண்பராக மதிப்பது நின்றுவிட்டது என்று பழங்குடிகள் எடுத்துக்கொண்டார்கள். 1763இல் பொன்டியாக் போர் வெடிக்க அதுவும் ஒரு காரணம். அடுத்த ஆண்டே நயாகராவில் வில்லியம் ஜோன்சன் பரிசுகளோடும் சிப்பிமணிப் பட்டைகளோடும் உறவைச் சீர்செய்ய வேண்டிவந்தது. நொக்ஸ் கண்ட திறைசேகரிப்பாளர்கள் ஆம்ஹெர்ஸ்ட்டைவிட விவேகமானவர்கள். பின்னாளில் கனடா அரசு மேற்குக் கரைப் பழங்குடிகளின் பொட்லாட்ச் என்ற கொடை விழாவையே 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டுத் தடுத்தது. ஒருவர் கொடுப்பதைத் தடுத்தால் அவருடைய தலைமையையும் நில உரிமையையும் சாட்சிகளையும் ஒரே வெட்டில் அழிக்கலாம் என்று அந்த அரசுக்குத் தெரிந்திருந்தது.

இலங்கையில் தடைச்சட்டம் தேவைப்படவில்லை. நிலச் சட்டம் போதுமானதாக இருந்தது. 1815 மார்ச் 2இல், கண்டியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டே ஆண்டில் ஊவா, வெல்லஸ்ஸவில் கிளர்ச்சி எழுந்தது. நாயக்கர் குலத்து துரைசாமி என்று தன்னைச் சொல்லிக்கொண்ட வில்பாவ முதலில் தலைகாட்டியது வேடர் வாழ்ந்த அந்தக் காட்டு நாட்டில்தான். அவரைத் தேடிப்போன ஆங்கில அதிகாரி டக்ளஸ் வில்சன் 1817இல் அம்பு பாய்ந்து இறந்தார். கிளர்ச்சி கொடூரமாக அடக்கப்பட்டது. 1840இல் வந்த 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் குடியில்லாத நிலமும் உரிமை நிரூபிக்கப்படாதவரை முடிக்குரியவை என்றது. கண்டி மலைகளில் அது கோப்பித் தோட்டங்களுக்கு வழிவிட்டது. வேடருக்கோ அது காட்டையே அந்நியமாக்கியது. பாறை எந்தக் குடும்பத்துக்கு உரியது என்பதற்கு அவர்களிடம் இருந்த ஆதாரம் நினைவும் சடங்கும்தான். அவற்றை எந்தக் கச்சேரியும் ஆவணமாக ஏற்கவில்லை.

மிச்சமிருந்ததை மகாவலித் திட்டம் எடுத்துக்கொண்டது. பெரஹரா முடிவில் நீர் வெட்டும் சடங்கு நடக்கும் கெட்டம்பையைத் தொட்டு ஓடும் அதே ஆறு, விக்டோரியா, ரந்தெனிகல, ரன்டம்பே அணைகளைக் கடந்து மகியங்கனைக்குப் போகிறது. துரித மகாவலித் திட்டத்தில் காடு வயலாயிற்று. இடம்பெயர்ந்த யானைகளுக்கும் நீர்த்தேக்கங்களின் பாதுகாப்புக்கும் என்று 1983 நவம்பரில் சுமார் 59,000 ஹெக்டேரில் மாதுறு ஓயாத் தேசியப் பூங்கா பிரகடனமானது. வேடரின் வேட்டைக் காடும் தேன் பாறைகளும் அதற்குள் அடங்கின. குடும்பங்கள் ஹெனானிகலவுக்குக் குடியேற்றப்பட்டன. அப்போதைய தலைவர் ஊருவரிகே திசாஹாமி சில குடும்பங்களோடு தம்பானையை விட்டு அசைய மறுத்தார்; 1998இல் இறக்கும்வரை மறுத்தார். இன்றைய தலைவர் வன்னில அத்தோ அவருடைய மகன். அனுமதியில்லாமல் தேசியப் பூங்காவுக்குள் நுழைவது சட்டப்படி குற்றம். தந்தையின் தேன் பாறைக்கு மகன் போனால் அத்துமீறல்; அந்தத் தேனை மாளிகைக்குக் கொண்டுவந்தால் மரபு. இந்த இரண்டும் ஒரே அரசின் கீழ் நடக்கின்றன.

இப்போது அந்த மூன்று பதில்களுக்குத் திரும்பலாம். திறையின் எச்சம் என்பவர்கள் நொக்ஸைப் பாதியில் நிறுத்திப் படிக்கிறார்கள். அம்பும் துணியும் திரும்பி வந்ததை விட்டுவிடுகிறார்கள். வழிபாடு என்பவர்களோடு எனக்குச் சச்சரவில்லை. வேடருள் பலர் இன்று பௌத்தக் கோயில்களோடு உறவுள்ளவர்கள், மகியங்கனைப் பெரஹராவிலும் அவர்களுக்குப் பங்குண்டு. கிழக்கில் வாகரைப் பக்கத்துத் தமிழ் பேசும் வேடரோ முருகனையும் அம்மனையும் தம் மூதாதை ஆவிகளோடு சேர்த்து வணங்குகிறார்கள். பக்தியும் உரிமையும் ஒரே குடத்துக்குள் இருக்கத் தடையில்லை. காட்சி என்பவர்களுக்கும் பழைய ஆதாரம் உண்டு: வெள்ளைக்கார விருந்தினர் முன் ஆதிமனித வேடம் போட்டு நிற்கப் பழகிய வேடரைச் செலிக்மனே கண்டு எழுதியிருக்கிறார். ஆனால் நிலத்தையும் வேட்டையையும் இழந்தவர்களிடம் பார்வையாளர் அதை மட்டுமே கேட்டார்கள். அதற்கான வெட்கம் கேட்டவர்களுக்கு உரியது.

கொடையை உரிமைக் குரலாகப் படிப்பதற்கு வேடரின் நடத்தையே சான்று. கிழக்கில் பொல்லெபெத்த, ரம்பகன் ஓயாப் பகுதிக் காடு சோளச் செய்கைக்காக அழிக்கப்படுவதை எதிர்த்து, சுற்றாடல் நீதிக்கான மையத்தோடு சேர்ந்து வன்னில அத்தோ 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார். மாளிகைக்குத் தேன் கொடுக்கும் அதே கை மனுவிலும் ஒப்பமிடுகிறது. வேடரின் கண்ணில் இரண்டும் ஒரே காட்டைப் பற்றிய ஒரே பேச்சு என்று கொள்வதே பொருத்தம்.

இந்தத் தேனுக்கு இன்று கிடைக்கும் பதிற்கொடை பாராட்டும் பொன்னாடையும் படமும். அம்புக்கும் துணிக்கும் அருகில் வைக்கக்கூட அவை தகுதியானவை அல்ல. அம்பு வேடரின் வாழ்வை நடத்தியது. பொன்னாடை எதையும் நடத்துவதில்லை. பெரஹராக் காலத்தில் அமைச்சர்களும் செயலாளர்களும் எப்படியும் கண்டிக்கு வருகிறார்கள். மாளிகையின் பொறுப்பாளரான தியவடன நிலமே அங்கே இருக்கிறார். மல்வத்த, அஸ்கிரிய பௌத்த பீடங்களின் மகாநாயக்க தேரர்களின் சொல்லுக்கு எந்த அரசாங்கமும் செவிசாய்க்கும். தேன் கையளிக்கப்படும் நாளில் வனசீவராசிகள், வனப் பாதுகாப்பு, மகாவலி ஆகிய மூன்று தரப்பு அதிகாரிகளையும் வேடர் தலைவர்களோடு ஒரே இடத்தில் உட்காரவைக்க அவர்களால் முடியும். பேச வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன: தேன் பருவத்தில் பூங்காவுக்குள் போய்வர ஆண்டுக்காண்டு கெஞ்சத் தேவையில்லாத நிலையான உரிமை, எந்தப் பாறை யாருடையது என்ற வேடரின் கணக்கை அரசாங்க வரைபடத்தில் ஏற்றுவது, ரம்பகன் ஓயாவில் எஞ்சிய காட்டுக்கு எல்லை குறிப்பது, பூங்காவின் நிர்வாகத்தில் தம்பானைக்கும் ஹெனானிகலவுக்கும் இருக்கை. கண்டி மன்னனின் ஆட்கள் அம்பையும் துணியையும் ஈடாகக் கொடுத்துத்தான் தேனைத் தூக்கினார்கள்.